மலைப்பாதை சைக்கிளும் நம் மளிகைக் கடையும்



ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பூண்டி சாலையிலும் ஊத்துக்கோட்டை சாலையிலும் கடை திறக்கும் நம் உறுப்பினர்கள் ஒரு புதுக் கூட்டத்தைப் பார்த்திருப்பார்கள். தலையில் கவசம், கையில் விரல் வெட்டிய உறை, முதுகில் சிறு பை. ஏறியிருப்பது மோட்டார் சைக்கிளா என்று பார்த்தால் மிதிவண்டி. டயர் மட்டும் மொபெட் டயர் போலத் தடிமனாக இருக்கும். மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, பல வண்டிகளில் மணி கூட இல்லை. நான்கைந்து பேராக வருவார்கள், சில நாள் இருபது பேராகவும் வருவார்கள். தார்ச்சாலையில் போய்க்கொண்டே இருந்தவர்கள் திடீரென்று ஏரிக்கரை மேல் ஏறிச் செம்மண் பாதையில் மறைந்துவிடுவார்கள்.

சரக்கு எடுக்க வந்த ஒரு கடைக்காரத் தம்பி என்னிடம் கேட்டார்: “அண்ணாச்சி, இவங்கல்லாம் கார் வச்சிருக்கிறவங்க. எதுக்குக் கல்லு முள்ளுல போய் சைக்கிளை மிதிக்கிறாங்க?” கேள்வி நியாயமானதுதான். நான் திருப்பிக் கேட்டது வேறு. “உன் கடையில நிக்கிறாங்களா?” “நிக்கிறாங்க அண்ணாச்சி. வரும்போதும் நிக்கிறாங்க, போகும்போதும் நிக்கிறாங்க” என்றார்.

அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். கும்மிடிப்பூண்டி வழியாகப் போகும் ஜி.என்.டி. சாலை ஆறு வழிச் சாலையாக ஆன பிறகு, காரில் போகிறவர் நம் பெயர்ப் பலகையைப் படிப்பதற்குள் கடையைத் தாண்டிவிடுகிறார். அவர் சுங்கச் சாவடியில் நிற்பார், பெட்ரோல் பங்கில் நிற்பார், வாகனம் நிறுத்த இடமுள்ள பெரிய ஓட்டலில் நிற்பார். நம்மிடம் நிற்க அவருக்கு வேலை இல்லை. சைக்கிளில் வருகிறவருக்குத் தாகம் எடுக்கிறது, பசிக்கிறது, டயரில் காற்று இறங்குகிறது. அவருக்கு வழியில் கடை வேண்டும்.

வண்டி பிறந்த கதை

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் மரின் என்று ஒரு பகுதி. அங்கே டமல்பைஸ் என்று ஒரு மலை. 1970-களில் அந்தப் பக்கத்து இளைஞர்கள் சிலர் பழைய சைக்கிள்களைத் தேடி வாங்கினார்கள். 1930, 40-களில் ஷ்வின் போன்ற கம்பெனிகள் செய்த தடித்த டயர் வண்டிகள். வீடு வீடாகப் பேப்பர் போடும் பையன்கள் ஓட்டியவை. கனம் அதிகம், விலை மலிவு, லேசில் உடையாது. அவற்றை மலை மேல் ஏற்றி, தீயணைப்பு வண்டி போவதற்காக வெட்டியிருந்த மண் பாதையில் கீழே விட்டார்கள்.

1976 அக்டோபரில் ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்கு அருகே அப்படி ஒரு இறக்கத்தில் பந்தயமே வைத்துவிட்டார்கள். சுமார் 3 கிலோமீட்டர் தூரத்துக்குள் 1,300 அடி இறக்கம். அந்தப் பழைய வண்டிகளுக்குப் பிரேக், பின் சக்கர அச்சுக்கு உள்ளே இருக்கும். கீழே வந்து சேர்வதற்குள் அது பழுக்கச் சூடாகி, உள்ளே அடைத்த கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’, அதாவது ‘மறுபடி அடை’ என்று பெயர் வந்துவிட்டது.

1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் இந்த ஓட்டத்துக்கென்றே தனியாக ஒரு வண்டியைச் செய்தார். 1979-இல் கேரி ஃபிஷர், சார்லி கெல்லி என்ற இருவர் ‘மவுண்டன் பைக்ஸ்’ என்று பெயர் வைத்துத் தொழிலே தொடங்கினார்கள். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு என்ற கம்பெனி ஜப்பானில் செய்வித்து மொத்தமாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது பதக்க விளையாட்டு ஆயிற்று. பேப்பர் பையனின் வண்டி ஒலிம்பிக்குக்குப் போக இருபது வருடம்தான் பிடித்தது. நமக்குப் பக்கத்துக் கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடியில், 2023 அக்டோபரில் ஆசிய சாம்பியன் போட்டியே நடந்தது.

நாம் ஓட்டிய கறுப்பு வண்டியும் இதற்குத் தூரத்து உறவுதான். 1949-இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியும் சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கினார்கள். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., ஃபிலிப்ஸ் என்று அங்கிருந்து வந்த வண்டிகளின் கேரியரில்தான் இந்த வட்டாரத்து மளிகைச் சரக்கு பாதி நகர்ந்தது. நான் சிறுவனாக அப்பாவின் கடையில் நின்ற காலத்தில், கிராமத்துச் சில்லறைக் கடைக்காரர்கள் கேரியரில் ஒரு மூட்டை, குறுக்குக் கம்பியில் ஒரு பை, ஹேண்டில்பாரில் எண்ணெய் டின் என்று கட்டிக்கொண்டு வாய்க்கால் கரை மேலேயே போவார்கள். மலைப்பாதை ஓட்டம் என்று அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பழைய வண்டிக்கு 28 அங்குலச் சக்கரம், ஒல்லி டயர், கியர் கிடையாது. புது வண்டிக்கு 26, இப்போது 27.5, 29 அங்குலச் சக்கரங்கள். இரண்டு அங்குலமும் அதற்கு மேலும் அகலமான, கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர். முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங் அல்லது காற்று அழுத்தம் அதிர்ச்சியைத் தாங்கும். பிரேக் மோட்டார் சைக்கிள் போல டிஸ்க். மேட்டில் ஏறச் சிறிய கியர் இருப்பதால் மூச்சு வாங்கினாலும் இறங்கித் தள்ள வேண்டியதில்லை. பத்தாயிரம் ரூபாய்ச் சுற்றில் கிடைப்பது பார்வைக்கு மட்டும் மலை வண்டி. உண்மையான வண்டி லட்சத்தையும் தாண்டும். சைக்கிளுக்கும் உதிரி பாகங்களுக்கும் 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆகியிருக்கிறது.

நம் பக்கத்துப் பாதைகள்

திருவள்ளூர் மாவட்டம் ஏரியும் வயலுமான சமவெளிதானே, இங்கே ஏது மலைப்பாதை என்று கேட்பவர்கள் பூண்டிக்கு மேற்கேயும் வடக்கேயும் போய்ப் பார்க்க வேண்டும்.

சத்தியமூர்த்தி அவர்கள் சென்னை மேயராக இருந்தபோது தொடங்கி 1944-இல் முடிந்த பூண்டி நீர்த்தேக்கத்தை நாம் எல்லோரும் அறிவோம். அதற்கு அப்பால் அல்லிக்குழி மலைத்தொடர். உயரம் அதிகமில்லை. ஆனால் அந்த மலையின் கல் வேறு மாதிரி. உருண்டைக் கூழாங்கற்களையும் மணலையும் சேர்த்துக் காரை போட்டது போல இறுகிய பாறை அது. மழையில் காரை கரையக் கரைய, தேங்காய் அளவிலும் எலுமிச்சை அளவிலும் கூழாங்கல் உதிர்ந்து பாதை முழுக்கக் கிடக்கும். குடியம் குகைகள் இந்தப் பாறையில்தான் உள்ளன.

இந்தக் கூழாங்கல்லுக்கு ஒரு பெருமை உண்டு. 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்கார நிலவியல் அதிகாரி முதலில் பல்லாவரத்திலும், பிறகு அதே வருடம் தம் சகாவான வில்லியம் கிங்குடன் கொற்றலையாற்றுப் பக்கத்து அத்திரம்பாக்கத்திலும் ஆதி மனிதன் செய்த கல் கோடரிகளைக் கண்டெடுத்தார். இந்தக் கல்லை உடைத்துத்தான் அவற்றைச் செய்திருக்கிறார்கள். அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு அம்மையார் குழுவினர் அகழ்ந்து, அங்கே கிடைத்த பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-இல் அறிவித்தார்கள். பூண்டியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் உள்ளே போய்ப் பார்த்திருப்போம் என்று தெரியவில்லை. சென்னையிலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

சைக்கிள்காரருக்கு இந்தக் கல்தான் சோதனை. ஒல்லி டயரில் காற்றை இறுக்கி அடித்திருந்தால் உருண்டைக் கல் மேல் சக்கரம் வழுக்கும். தடித்த டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால், அரிசி மூட்டை கல் மேல் படிந்து உட்காருவது போல டயர் கல்லின் மேல் படிந்து பிடித்துக்கொள்ளும். அவர்கள் நம் கடை வாசலில் நின்று காற்றை இறக்குவதற்கும், திரும்பும்போது பம்பு கேட்பதற்கும் இதுதான் காரணம். தார்ச்சாலையில் அந்தக் குறைந்த காற்றோடு மிதித்தால் கால் கடுக்கும்.

அடுத்தது கிருஷ்ணா கால்வாய்ப் பக்கம். ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து வரும் தண்ணீர் ஊத்துக்கோட்டை அருகே தாமரைக்குப்பத்தில் தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைந்து, 25 கிலோமீட்டர் ஓடிப் பூண்டியில் சேர்கிறது. முதன்முதலாகத் தண்ணீர் வந்தது 1996 செப்டம்பரில். கால்வாயை ஒட்டி மண் பாதை உண்டு, ஏற்ற இறக்கம் கிடையாது, புதிதாகப் பழகுகிறவர்களுக்குச் சுகமான ஓட்டம். ஆனால் கால்வாயின் பக்கங்கள் சரிவான சிமெண்ட். உள்ளே விழுந்தால் நீச்சல் தெரிந்தவர் கூடப் பிடித்து ஏற முடியாது. கரையும் கால்வாயும் அரசுக்குச் சொந்தம். தடுத்த இடத்தில் திரும்பிவிட வேண்டும். குளிக்க இறங்கலாமா என்று கடையில் கேட்டால், கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஏரிகளை இணைத்து 2020 நவம்பரில் திறந்த நீர்த்தேக்கம், 500 மில்லியன் கன அடி கொள்ளளவு. அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் பழைய வண்டிப் பாதைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஒரு பக்கம் சிப்காட் தொழிற்பேட்டையின் அகலச் சாலை, இன்னொரு பக்கம் மாந்தோப்பும் முள்காடும். மாதர்பாக்கம் வழியாகச் சத்தியவேடு போனால் ஆந்திர எல்லை. அதற்கு அப்பால் நாகலாபுரம் மலையும், நம்மவர் தடா அருவி என்று சொல்லும் உப்பலமடுகும். அங்கே ஏறக் கால்தான் வேண்டும், சைக்கிள் அடிவாரம் வரைக்கும்தான். பழவேற்காடு பக்கம் மணல் ஓட்டம் என்று சிலர் போகிறார்கள். உப்புக் காற்றில் செயின் துருப்பிடிப்பதுதான் மிச்சம்.

பருவம் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிக்கரையில் சைக்கிள் விட்டால் டயர் தடம் வாய்க்காலாகி, அந்த வழியே தண்ணீர் இறங்கிக் கரையை அரிக்கும். விவசாயிகள் கோபப்படுவது நியாயம். வயல் களிமண்ணோ சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே அடைத்துக்கொண்டு வண்டியை நகர விடாது. தை, மாசிதான் நல்ல காலம். பங்குனிக்கு மேல் காலை எட்டு மணிக்கே வெயில் சுடும்.

அனுமதி விஷயம்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் சென்னையிலிருந்து போனவர்களும் உண்டு. அதற்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வகுத்தது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழைவது குற்றம். 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளை வனத்துறை அறிவித்தபோது அதில் நம் குடியம் குகைப் பாதையும் இருந்தது. கட்டணம் கட்டிப் பதிவு செய்தால் வழிகாட்டியுடன் போகலாம். ஆனால் அது நடந்து போகும் பாதை. சைக்கிள்காரர்கள் கிராமம் வரை வந்து, வண்டியைப் பூட்டிவிட்டு நடக்க வேண்டும்.

வண்டியை எங்கே பூட்டுவது என்பது அவர்களுக்குப் பெரிய கவலை. லட்ச ரூபாய் வண்டி, ஸ்டாண்டு கிடையாது, நான்கு போல்ட்டைக் கழற்றினால் தூக்கிக்கொண்டு போய்விடலாம். கடையை ஒட்டி நிழலான இடமும் ஓர் இரும்புக் கம்பியும் இருந்தால் போதும், பத்து வண்டி சாய்த்து வைக்கலாம். முன்பு வாடகை சைக்கிள் கடையில் அப்படித்தானே வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். இதற்குக் கட்டணம் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. வண்டி எங்கே நிற்கிறதோ அங்கேதான் டீயும் வாழைப்பழமும் விற்கும்.

கடைக்கு என்ன லாபம்

கணக்கை மிகைப்படுத்திச் சொல்ல மாட்டேன். ஒரு ஞாயிறு பதினைந்து பேர் நின்று ஆளுக்கு 60 ரூபாய்க்கு வாங்கினால் 900 ரூபாய். நான்கு ஞாயிறுக்கு 3,600. இதை நம்பிக் கடை கட்ட முடியாது. ஆனால் இது காலை ஆறு முதல் ஒன்பது வரை, வேறு விற்பனை குறைவாக இருக்கும் நேரத்தில், கடன் நோட்டில் ஏறாமல், ரொக்கமாக வரும் விற்பனை. ரொக்கம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவர்கள் சட்டைப் பையில் பணமே வைத்துக்கொள்வதில்லை, எல்லாம் போன்தான். ஸ்கேன் அட்டை வைக்காத கடையில் ஒருவரும் நிற்க மாட்டார்.

என்ன கேட்கிறார்கள் என்று நாலைந்து கடைகளில் விசாரித்தேன். வாழைப்பழம், அதுவும் தாரிலிருந்து ஒன்றிரண்டாக. கடலை மிட்டாய், பொட்டலம் சின்னதாக. உப்பு பிஸ்கட். பேரீச்சை. உப்பு போட்ட எலுமிச்சைச் சாறு, மோர், இளநீர். கூல் டிரிங்க்ஸ் எதிர்பார்த்த அளவு போவதில்லை. வேர்வையில் உப்பு போய்விடுவதால் உடம்பு உப்பையும் இனிப்பையும் சேர்த்துக் கேட்கிறது. கடலை மிட்டாயில் வெல்லமும் கடலையும் இருப்பதால் வெளிநாட்டுச் சாக்லேட் பட்டை செய்யும் வேலையை அது பத்து ரூபாயில் செய்கிறது. ஒரு எச்சரிக்கை: ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்ட இனிப்புப் பானங்கள் விஷயத்தில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் கண்டிப்பான உத்தரவு போட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவில் இல்லாத பானம் அந்தப் பெயரில் வரக் கூடாது. பழைய ஸ்டாக் இருந்தால் ஏஜென்சிக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

தண்ணீர் பாட்டிலுக்கு ‘கூலிங் சார்ஜ்’ என்று அச்சிட்ட விலைக்கு மேல் இரண்டு ரூபாய் வாங்கும் பழக்கம் நம் சிலரிடம் இருக்கிறது. சட்டப்படி தவறு என்பது ஒரு பக்கம். சைக்கிள் கூட்டத்தில் ஒருவருக்கு ஏற்பட்ட கசப்பு அன்று மாலையே எல்லோருடைய போனுக்கும் போய்விடும். அடுத்த ஞாயிறு அவர்கள் எதிர்க்கடையில் நிற்பார்கள். இதைவிட நல்ல வழி, வாசலில் ஒரு குடம் நல்ல தண்ணீரும் சொம்பும் வைத்து, பாட்டிலை நிரப்பிக்கொள்ளச் சொல்வது. காலி பாட்டில் ஏரிக்கரையில் விழுவதும் குறையும். கரையில் குப்பை சேர்ந்தால் முதலில் ஊர்க்காரர்கள் வழியை மறிப்பார்கள், பிறகு துறையினர் கேட் போடுவார்கள். கேட் போட்ட அன்றே நம் ஞாயிறு விற்பனையும் நின்றது. 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பை, கப் எதையும் இவர்களிடம் கொடுக்க வேண்டாம்.

தராசுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா வையுங்கள். பஞ்சர் பேட்ச், சொல்யூஷன், உப்புத்தாள், இரண்டு டயர் லீவர். ஒரு கால் பம்பும் வேண்டும். இவர்கள் வண்டிகளில் சிலவற்றின் வால்வு பென்சில் முனை போல ஒல்லியாக இருக்கும், நம் பம்பு அதில் ஏறாது. அதற்குப் பித்தளையில் ஒரு சிறு அடாப்டர் சைக்கிள் கடைகளில் கிடைக்கிறது, அதிக விலையில்லை. அது இருக்கிற கடை என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் போதும்.

நம் ஆட்களும் சைக்கிளில்தான் போகிறார்கள்

இந்தப் பேச்சில் மறக்கக் கூடாத ஒரு கூட்டம் உண்டு. சிப்காட்டில் வேலை பார்க்கும் பீகார், ஒடிசாத் தொழிலாளர்கள் கும்மிடிப்பூண்டியில் ஷிப்டுக்குச் சைக்கிளில்தான் போகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் அரசு கொடுத்த சைக்கிளில் போகிறார்கள். 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய அந்தத் திட்டம் பிறகு 11-ஆம் வகுப்பு மாணவ மாணவியர் எல்லோருக்கும் விரிந்தது. நம் கடைப் பையன் சரக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் சைக்கிளில்தான். இவர்கள் எல்லோரும் இரும்புக் கம்பி ஏற்றிய டிரெய்லருக்கும் சவுடு மண் லாரிக்கும் நடுவே ஓட்டுகிறார்கள். ஞாயிறு வருகிறவருக்குத் தலைக்கவசம் இருக்கிறது. தினமும் போகிறவருக்குப் பின்பக்கம் சிவப்பு ஒளிப்பட்டை கூட இல்லை.

ஏரிக்கரையும் பழைய வண்டிப் பாதையும் நன்றாக இருந்தால், பாதி தூரத்துக்காவது இவர்கள் நெடுஞ்சாலையை விட்டு விலகிப் போகலாம். விளையாட்டுக்காரருக்காக மட்டும் பாதை கேட்டால் அதிகாரிகள் சிரிப்பார்கள். தொழிலாளிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கேட்டால் மனுவைக் கீழே வைக்க முடியாது. ஊராட்சிகளோடு பேசி, எந்தெந்த வண்டிப் பாதை பொதுவழி என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். முள்ளை வெட்டி, பிரிவுகளில் ஊர் பெயரும் தூரமும் எழுதிய பலகை வைக்கும் செலவைச் சங்கமே ஏற்கலாம். பலகையின் அடியில் அடுத்த கடை எத்தனை கிலோமீட்டர் என்று எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஒளிப்பட்டையை ரோலாக வாங்கி, உறுப்பினர் கடைகளில் இலவசமாக ஒட்டிக் கொடுப்பதற்கும் பெரிய தொகை ஆகாது. என் பங்குக்கு முதல் பத்து ரோலை நான் தருகிறேன்.

பூண்டி, சீத்தஞ்சேரி, ஊத்துக்கோட்டை, தேர்வாய்கண்டிகை, மாதர்பாக்கம் வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள், ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குக் கடை திறக்கிறார்கள், குடிதண்ணீர், பம்பு, வண்டி நிறுத்த நிழல் இவற்றில் எவை இருக்கின்றன என்று ஒரு தபால் அட்டையில் சங்க அலுவலகத்துக்கு எழுதித் தெரிவிக்கவும். பொங்கலுக்கு முன் பட்டியல் தயாரானால், தை மாத ஓட்டத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்துவிடலாம்.